சணலில் தைத்த பெல்ட்

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றை ஒட்டியிருக்கும் அரிசி ஆலையில் எனக்கு முன்பே என் அப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மூட்டை தூக்கினார், பிறகு எலிவேட்டர் ஏறினார். நெல்லை வாளி வாளியாக அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டும் உயரமான இரும்புக் கூண்டுதான் எலிவேட்டர். ஈர நெல் வந்தால் உச்சியில் அடைத்துக்கொள்ளும். மிஷினை நிறுத்திவிட்டு, யாராவது பக்கவாட்டு ஏணியில் ஏறி, கூரைக்கும் மேலே நின்று கிளறிவிட வேண்டும். அந்த யாராவது எப்போதும் அப்பாதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ படித்து, அதே ஆலைக்கு சேஃப்டி ஆபீசராக வந்தேன். எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட், எனக்கு வெள்ளை. முதல் நாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போனபோது அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆலைக்குள் அப்பா என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி பெருமை. எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

வேலையில் சேர்ந்ததும் நான் கேட்டு வாங்கிப் பார்த்தது அவருடைய சேஃப்டி பெல்ட்டைத்தான். எலிவேட்டர் அடியில் ஓர் ஆணியில் தொங்கும். ஆரஞ்சு நிறம் வெளிறி, பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. வாரின் ஓரங்கள் பஞ்சு பஞ்சாய்ப் பிரிந்திருந்தன. வெல்டிங் பொறி பட்ட இடத்தில் மிளகளவு ஓட்டை. தோளருகே தையல் நூல் அறுந்திருந்தது. எப்போது செய்தது என்று போட்டிருக்கும் சீட்டைத் தேடினேன். சீட்டு இருந்தது, எழுத்து இல்லை. சீட்டைப் படிக்க முடியவில்லை என்றாலே பெல்ட்டைக் கழித்துவிட வேண்டும் என்பது பாடம். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், படிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"இது செத்துப்போச்சுப்பா."

"அதுக்கு எப்ப உசுரு இருந்துச்சு? என் உசுரத்தானே தூக்கிக்கிட்டிருக்கு" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் புது பெல்ட்டுகளை வரவழைத்தார். பெட்டி வந்து இறங்கியது மகாளய பட்சத்தில்.

"பட்சத்துல புதுசு எடுப்பாங்களாம்மா? அதுவும் உசுருக்குக் காவலாப் போடுற சாமான். அமாவாசை கழியட்டும்" என்றார் முதலாளி.

அமாவாசை கழிந்து நவராத்திரி பிறந்தது. மறுபடியும் போய் நின்றேன்.

"இதோ ஆயுத பூஜை வந்துடுச்சு. பொட்டு வெச்சு, சாமி காலடியில வெச்சு எடுத்தா உங்கப்பாவுக்குத்தானே நல்லது?"

"அதுவரைக்கும் எலிவேட்டர் அடைக்காம இருக்குமா சார்?"

"பழசு இருக்குல்ல. இத்தன வருஷம் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?"

அவர் கஞ்சத்தனத்தால் மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அக்கறையால் மறுக்கிறவரிடம் என்ன சொல்வது? பெட்டி ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில்.

கழித்த பெல்ட்டை யாரும் மறுபடி மாட்டிவிடாதபடி வெட்டிப்போட வேண்டும் என்றும் படித்திருக்கிறேன். அன்று மதியம் எல்லோர் முன்னாலும் சாக்கு அறுக்கும் கத்தியால் தோள் வாரை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். பெல்ட்டே இல்லை என்றால் ஏற முடியாது, ஏற முடியாவிட்டால் பெட்டியைத் திறந்துதானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

"மேடம், அப்பா சட்டையும் பழசாத்தான் இருக்கு, அதையும் கிழிச்சிடாதீங்க" என்றார் மூட்டை தைக்கும் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

மறுநாள் காலையிலேயே மழை. குறுவை நெல் நனைந்துகொண்டு வந்தது, வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. எலிவேட்டர் எப்படியும் அடைக்கும் என்று தெரிந்து முதலாளி அறைக்குப் போனேன். சாவியைக் கேட்டு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மிஷின் சத்தம் நின்றது. வெளியே ஓடினேன். அப்பா பாதி ஏணியைத் தாண்டியிருந்தார்.

அவர் உடம்பில் பெல்ட் இருந்தது. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. பிறகுதான் தோளில் அந்தத் தையலைப் பார்த்தேன். நான் அறுத்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கோணி ஊசியால், நெல் மூட்டையின் வாயைத் தைப்பதுபோல, சணல் கோத்துத் தைத்திருந்தார். எங்கள் ஆட்கள் எதையும் அப்படித்தான் தைப்பார்கள், அறுந்த செருப்பு, கிழிந்த தார்ப்பாய், ஸ்கூல் பை. என் புத்தகப் பையிலும் அதே தையல் பல வருஷம் இருந்தது.

குரல் கொடுத்து நிறுத்தலாம் என்று வாய் வரை வந்தது. உயரத்தில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது. அதுவும் படித்ததுதான். அப்பா உச்சிக்குப் போய்க் கொக்கியை மாட்டினார், உடம்பைச் சாய்த்து உள்ளே கிளறினார். ஏணியெல்லாம் ஈரம். அவர் சாயும்போதெல்லாம் தோள் வார் விறைத்தது. ஈர நெல்லும் பதரும் என் முகத்தில் விழுந்தன. வெள்ளை ஹெல்மெட்டோடு கீழே நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

இறங்கி வந்தார்.

"பாத்தீங்களா மேடம்? ரெட்டைத் தையல். லாரியிலேருந்து தூக்கிப் போட்டாலே மூட்டை பிரியாது. நான் மூட்டைய விட லேசு."

"மூட்டை மேல ஏறாதுப்பா. நீ அங்கேருந்து விழு..."

"பாப்பா!" ஆலைக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். "காலங்காத்தால வாய்ல என்ன வார்த்தை வருது?"

விழுதல் என்ற சொல்லைச் சொல்லாமல் பெல்ட்டைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பூஜைக்குள் இன்னும் சில முறை அடைத்தது, அவரும் ஏறினார். ஒவ்வொரு முறை பத்திரமாக இறங்கும்போதும் அவர் பேச்சு ஜெயித்தது, என் பேச்சு தோற்றது. தோற்கட்டும் என்றுதான் கீழே நின்று வேண்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று புது பெல்ட்டுகளை வாழை இலையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இலையின் ஓரத்தில் அப்பா தன் பழைய பெல்ட்டையும் வைத்து, சணல் தையலின்மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். விஜயதசமி காலையில் முதலாளி தன் கையால் புதியதை எடுத்துக் கொடுத்தார். அப்பா மாட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெறைப்பு. பழகணும்."

"பழசைக் குடுப்பா. வெட்டிப் போட்டுடுறேன்."

"பூஜையில வெச்ச சாமான வெட்டுவாங்களா?"

முதலாளியைப் பார்த்தேன். அவரும் அப்பா சொன்னதற்குத்தான் தலையாட்டினார்.

இப்போது எலிவேட்டர் அடியில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் புதியது, இன்னொன்றில் பொட்டு காய்ந்த பழையது. மிஷின் சத்தம் நின்றதும் ஓடிப்போய் நான் முதலில் பார்ப்பது அந்த ஆணிகளைத்தான். சில நாள் பழையது தொங்குகிறது. அன்று மெதுவாக நடந்து திரும்புவேன். மழை நாளில், அவசரத்தில், பெரும்பாலும் புதியதுதான் தொங்குகிறது.