பிரிக்காத குட்டிகள்

நர்ஸம்மா இருந்தார். சர்ச் உபதேசியார் இருந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சி இருந்தார். மகளிர் குழுத் தலைவி இருந்தார். மேலத்தெருவிலிருந்து நானும் இன்னும் சிலரும். கீழத்தெருவிலிருந்து வந்தவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். என் சேக்காளி, சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, அவர்களில் இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர் பக்கம். ஊருக்குள் கூட்டம் போட்டால் ஒரு தெருக்காரர் வந்தால் மற்றவர் வரமாட்டார் என்பதால் டவுனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

கோயில் கொடைத் திருவிழாவில் மைக் செட் சத்தத்தில் இரண்டு தெருவுக்கும் ஆரம்பித்த சண்டை. இரண்டு வீடு எரிந்தது. சேக்காளியின் தம்பிக்கு ஒரு கண் போனது. கல் எங்கள் தெருப் பக்கமிருந்துதான் வந்தது. எறிந்தது யாரென்று இன்றுவரை தெரியாது. சமாதானம் என்று தாலுகா ஆபீஸில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். போட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். பேச்சு வார்த்தை கிடையாது. போலீஸ்காரர்கள் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் நர்ஸம்மாவும் உபதேசியாரும் மற்றவர்களும் வந்தார்கள். யாரும் அனுப்பி வந்தவர்கள் இல்லை. நர்ஸம்மா இரண்டு தெருவிலும் பிரசவம் பார்த்தவர். கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்க முடியாது. என்ன வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லாரும் சொன்னது ஆடு.

எங்கள் ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடுவது வழக்கம். ஆடு ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. கீழத்தெரு ஆடு மேலத்தெருவில் நிற்கும், மேலத்தெரு ஆடு அங்கே நிற்கும். சண்டைக்குப் பிறகு எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. சேக்காளி தன் வெள்ளாடு நான்கை என்னிடம் விட்டிருந்தான்.

மண்டபத்தில் டீக்கடை அண்ணாச்சி நல்ல மனதோடுதான் சொன்னார். "ஒரு வேன் பிடிப்போம். அவங்கவங்க ஆட்ட ஏத்தி அவங்கவங்க வீட்டுல இறக்கிருவோம். யாரும் யாரு மூஞ்சியிலயும் முழிக்க வேண்டாம்."

எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

"அண்ணாச்சி, மூஞ்சியில முழிக்க வைக்கத்தான நாம வந்துருக்கோம்" என்றார் நர்ஸம்மா. "வேன்ல ஏத்திட்டா அதோட அத்துப் போவும். முறை என்னன்னு இவங்ககிட்டயே கேளுங்க."

முறை இதுதான். வளர்த்தவன் குட்டிகளை இரண்டு பங்காகப் பிரித்து நிறுத்துவான். ஆட்டுக்காரன் அவன் தொழுவுக்கு வந்து, பார்த்து, ஒரு பங்கை எடுப்பான். பிரிக்கிறவன் எடுக்கக் கூடாது, எடுக்கிறவன் பிரிக்கக் கூடாது. இரண்டு பேரும் நின்றால்தான் பங்கு. பிரிக்காத குட்டியை விற்கவும் கூடாது.

அந்த முறைப்படியே நடக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதும் உபதேசியாரும் நர்ஸம்மாவும் முன்னால் வர, கீழத்தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. முதலில் என் பக்கத்து வீட்டுத் தொழுவு. வந்த பெரியவர் குட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னவே, பச்சத் தண்ணி மட்டும்தான் காட்டுனீரா? எலும்ப எண்ணலாம் போலுக்கே."

"உம்ம ஆடு உம்மள மாதிரிதானவே இருக்கும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரரும் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சம்சாரம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் கொஞ்ச நேரம் செம்பையே பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார்.

நானும் பிரித்து நிறுத்தி வைத்திருந்தேன். வெயில் ஏறியது. சேக்காளி வரவில்லை.

அவன் பங்கு எடுக்க வருகிற நாள் எனக்கு நல்ல நாளாக இருக்கும். காலையிலேயே வந்துவிடுவான். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்ப்பான், வாயைத் திறந்து பார்ப்பான், காதைத் திருகுவான். "ஏலே, நல்லத ஒரு பக்கமா ஒதுக்கிட்டுக் கள்ள முழி முழிக்கியோ?" என்பான். டீ ஆறிப்போகும். கடைசியில் மெலிந்த குட்டி நிற்கிற பங்கைத்தான் எடுப்பான். ஏன் என்று கேட்டால், "நல்லத நான் எடுத்தா நீ தூங்க மாட்டியே மக்கா" என்பான். நானும் வேண்டுமென்றே கோணலாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்போதும் அதையேதான் எடுத்தான்.

தம்பிக்குக் கண் போனபின் குடும்பத்தோடு திருவேங்கடம் பக்கம், மனைவியின் ஊருக்குப் போய்விட்டான். நர்ஸம்மா பஸ் ஏறி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வித்து துட்டாக் குடுத்துரச் சொல்லுதான்" என்றார்.

"பிரிக்காம எப்படிம்மா விக்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப வச்சிருப்பா. அவன் வாரதுக்கு ஒரு சாக்கு கெடக்கட்டும்."

இப்போது ஊர் பரவாயில்லை. போலீஸ் போய்விட்டது. டவுன் பஸ் இரண்டு தெரு முக்கிலும் நிற்கிறது. கொடைக்கு முன்னால் நர்ஸம்மாவும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்து மைக் செட் எத்தனை மணி வரை என்று இரண்டு தெருவையும் பேச வைக்கிறார்கள். சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். பேசி முடித்துக் கலைகிறார்கள். வெளியூர்க்காரர் வந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்.

செத்தது போக, அவன் ஆடும் பிரிக்காத குட்டிகளுமாக என் தொழுவில் இடம் இல்லை. மழை பொய்த்த வருஷம் அவற்றுக்குத் தின்னக் குழை ஒடிக்கக் காடு காடாக அலைந்தேன். "நம்ம ஆட்டுக்கே வழியக் காணும், அடுத்தவன் ஆட்டையும் கட்டி மாரடிக்கணுமா? வித்துத் தொலைச்சா என்ன?" என்பாள் என் சம்சாரம். விற்றால் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருவேங்கடம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அவன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்புவான் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"ஏலே" என்றான்.

கிட்டே போனேன்.

"எத்தன நிக்கு?" என்றான்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து சொன்னேன்.

"பதினேழு."