பெட்டிக்குள் இருந்த கேமரா

புதிதாக வரும் பொருள் சந்தையில் போகுமா என்று வீடு வீடாக விசாரித்துச் சொல்லும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஆபீஸ் செம்பூரில். போன வருஷம் ஒரு பொழுதுபோக்குப் பெட்டி வந்தது. டிவிக்குக் கீழே வைத்தால் படம், பாட்டு, கேம், மைக் பிடித்துப் பாடுவது எல்லாம் அதிலேயே. ஒற்றை அறைக் குடும்பங்கள் இதை வாங்குமா என்று பார்க்க வேண்டும். நான் தாராவி லேபர் கேம்ப்பில் பிறந்தவள், தமிழ் பேசுவேன் என்பதால் என்னை அங்கேயே அனுப்பினார்கள்.

தோல்பை தைக்கும் ஓர் அக்கா வீட்டில் ஒரு பெட்டியை வைத்தோம். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். என்னை நம்பித்தான் சம்மதித்தாள். அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். அக்காவும் ஒருநாள் பாடினாளாம், சொல்லும்போதே வெட்கம். சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது, அதை மட்டும் குறைக்கச் சொல் என்றாள்.

பிறகு மீட்டிங்கில் பெரிய திரையில் அக்காவின் வீடு ஓடியது.

பெட்டியின் முகப்பில் இருந்த கேமரா கேம் ஆடுவதற்கு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது எந்நேரமும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா நைட்டியோடு தலை வாருகிறாள். அவள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். பெட்டியின் மேல் வெங்காயத் தட்டு இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த மாதிரி வீடுகளில் நல்ல மார்க்கெட் இருக்கிறது என்றார் மேனேஜர்.

படம் பிடிப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சும்மா கொடுத்த பெட்டிதானே, அவர்களுக்கு என்ன கஷ்டம் என்றார். உங்கள் வீட்டில் ஒன்றை வையுங்கள், அதையும் இங்கே உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. வயரைப் பிடுங்கினாள். பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றினாள்.

"ஏட்டி, உனக்குத் தெரியுமா இது?"

"தெரியாதுக்கா. இன்னைக்குத்தான் பாத்தேன்."

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆட்டோ பிடி" என்றாள்.

மேனேஜரின் மேஜைமேல் பெட்டியை வைத்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எடுத்த படத்தையெல்லாம் இப்போதே அழிக்க வேண்டும் என்று என் மூலம் கேட்டாள். அவர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

"என் வீட்டுக்குள்ள பாக்கதுக்கு திங்கக்கிழம வரைக்கும் காத்துக் கெடந்தியளோ?" என்றாள் என்னிடம். "இத அவருக்கு ஹிந்தியில சொல்லு."

சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல். அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அழித்தார்கள். வேறு எங்கே நகல் இருக்கிறதோ, அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றே வேலையை விட்டேன்.

இப்போது அந்தப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. நன்றாகப் போகிறது என்கிறார்கள். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் விளம்பரம் ஓடுகிறது. அதில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடியை உடைக்கலாம் போல இருக்கிறது.