இரண்டு பேட்டரி மாற்றினேன், அம்மன் ஒரு ஆளை அனுப்பினாள்

ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால் ரோட்டின் மேல் ஏரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் பிக்கப் வண்டி நடுரோட்டில் நின்றுபோயிருந்தது. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குள் அவரைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைக்க வேண்டும். நான் அழவில்லை. கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கங்கையம்மனை நம்பி இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். பூங்காவனம், மீன்காரி. வாய் நீளம் என்று என் காதுபடவே பேசுவீர்கள். அந்த வாயோடுதான் இதையும் சொல்லப் போகிறேன்.

வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மற்ற நாட்களில் நான் மீன் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் போவேன். அடுக்குமாடி வீடுகளின் வாசலில் நிறுத்தி விற்பேன். அவருக்கு முடியாமல் போனதும் நானே லைசென்ஸ் எடுத்தேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் பிக்கப் வாங்கினேன். சிக்னலில் நின்றால் அதுவே எஞ்சினை அணைத்துக்கொள்ளும், கிளட்ச்சை மிதித்தால் அதுவே எழுந்துகொள்ளும். அவ்வளவு புத்திசாலி வண்டி. ஒன்றரை வருஷம் ஒழுங்காக ஓடியது.

ஆடி முடிந்த பிறகு ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம், அவ்வளவுதான். டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்ட ஒரு தம்பி இருந்தான். வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்கவே இல்லை. சட்டை அழுக்காகிவிடுமாம். கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும் மேடம்" என்றான்.

"தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆவல. அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"அப்டேட் பண்ணா எல்லாம் சரியாய்டும் மேடம்."

அப்டேட் செய்தான். பத்து நாள் ஓடியது. மறுபடியும் டிக் டிக்.

அடுத்து கேளம்பாக்கத்தில் ஒரு பேட்டரிக் கடை. அந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லை, என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினான். "வூட்ல அண்ணன் இல்லியாக்கா? அவரை அனுப்பு, வெவரம் சொல்றேன்" என்றான். வண்டி ஓட்டுபவள் நான், அதன் கூட மல்லுக்கட்டுபவள் நான், விவரம் மட்டும் அண்ணனுக்காம். கடைசியில் ஒரு பேட்டரியை மாட்டி அனுப்பினான். அது ஐந்து வாரத்தில் படுத்தது. திரும்பப் போனால், "மீன் வண்டி இல்லியா, அதான்" என்று சொல்லிவிட்டு அதே போல இன்னொன்றை மாட்டினான். என் மீன் நாற்றத்துக்குப் பயந்து கரண்ட் ஓடிவிட்டதாம். இந்தப் பதிலைச் சொல்வதற்கு ஒரு கடை, அதற்கு ஒரு போர்டு.

இவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் வாக்கு சொல்லும் ஒருவரிடம் போனேன். வண்டிக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது என்றார். ஒரு செப்புத் தகடு கொடுத்து பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கரண்ட் ஓடும் இடத்தில் செம்பை வைக்கச் சொல்கிற அறிவு அவருக்கு. அதை வாங்கிக் கும்பிட்டு வைத்த அறிவு எனக்கு. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். அம்மனிடமும் போய் பேரம் பேசினேன். வண்டியைச் சரி செய், பால்குடம் எடுக்கிறேன், புடவை சாத்துகிறேன் என்றேன். மீன் சந்தையில் கூடையைக் காலால் தள்ளி விலை கேட்பேனே, அப்படித்தான் அவளிடமும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

முந்தின வெள்ளிக்கிழமை வண்டி மறுபடி மக்கர் செய்தது. பஸ் மாறி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. பாதிதான் சுத்தம் செய்ய முடிந்தது. நாலு நாளில் அவர் கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை விடியும்போது படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். வெளியே மழை. வண்டி அன்றைக்கு என்னவோ சாவியை முதல் தடவை திருப்பியதுமே எழுந்தது. பிழைத்தோம் என்று கிளம்பினேன்.

தண்ணீர் போகும் இடத்தில் பஸ்ஸும் லாரியும் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தன. ஆட்டோக்கள் எல்லாம் திரும்பிவிட்டன. நான் வரிசையில் நின்றேன். என் புத்திசாலி வண்டி, சிக்னல் என்று நினைத்து எஞ்சினை அணைத்துக்கொண்டது. கிளட்ச்சை மிதித்தேன். எழவில்லை. சாவியைத் திருப்பினேன். டிக் டிக். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன விளக்குகள் எல்லாம் திருவிழா மாதிரி எரிந்து அணைந்தன.

இரண்டு பேர் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். பழைய வண்டி என்றால் தள்ளினால் கிளம்பும். இதில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் முதலில் கண் விழிக்க வேண்டுமாம். அது விழிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வரணும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பின்னால் ஒரு உயரமான கார் நின்றது. ஓட்டியவரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் ஈரப் புடவையைப் பார்த்தார். பிறகு தன் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஓரத்தில் நாலு பேர் போனைத் தூக்கி வெள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என் வண்டியையும் எடுத்தான்.

திரும்பி வந்து ஸ்டீயரிங்கில் தலையை வைத்தேன். ஏழுமலை என் கையைப் பிடித்தார். அவர் விரல் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் கும்பிட்டேன். பால்குடம் சொல்லவில்லை. புடவை சொல்லவில்லை. "அம்மா, எனக்கு ஒண்ணும் தெர்ல. என்னால ஆவல. இந்தாளைக் கொண்டுபோய்ச் சேக்கணும். நீ யாரை அனுப்பினாலும் சரி." இவ்வளவுதான் சொன்னேன். மூன்று மாதமாக நான் கேட்டதில் இது ஒன்றுதான் வேண்டுதல். மற்றதெல்லாம் வியாபாரம்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்னாலிருந்து ஒரு லோடு ஆட்டோ வரிசைக்கு வெளியே ஒதுங்கி நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடிய ஸ்பீக்கர் பெட்டிகள். அதிலிருந்து இறங்கி வந்தவன் மைக் செட் தனசேகர்.

உங்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆடிக் கூழ் அன்று இதே கோயில் வாசலில் அவனை நான் என்ன சொன்னேன் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அம்மன் வர்ணிப்பு பாடும்போது மைக் நின்றுவிட்டது. "குடிகாரன் கையில குட்த்தா அம்மனுக்குக்கூட வாய் அடைச்சிபூடும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைத் தேடினான். யாரோ மிதித்து ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவனைப் பார்த்ததும் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? வந்துட்டான் பார், வேடிக்கை பார்க்க. அம்மனிடம் யாரை அனுப்பினாலும் சரி என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் ஆளைப் பார்த்து முகம் சுளித்த ஜென்மம் நான்.

"இன்னாக்கா, வண்டி நின்னுபோச்சா?"

"நீ போப்பா. உன் வேலையைப் பாரு."

உள்ளேயிருந்து ஏழுமலை மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினார். "ஏமே. சும்மா இரு. அவனை வுடு, பாக்கட்டும்."

தனசேகர் என் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. பானெட்டைத் தூக்கினான். செப்புத் தகட்டைப் பார்த்தான். எடுத்து ஓரமாக வைத்தான். "சாவியைத் திருப்பிப் புடிக்கா" என்றான். பிடித்தேன். டிக் டிக். அவன் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் கறுப்பு ஒயரின் முனையைத் தொட்டான். தொட்ட கையை உதறினான்.

"சுடுதுக்கா. இங்கதான் கீது பேஜாரு."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். போல்ட் இருக்கும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. அவன் விரலால் நெருடியதும் ஒயர் முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது எர்த்து. கரண்டு திரும்பிப் போற வழி. கடல் காத்து, மீன் தண்ணி, எல்லாம் சேந்து தின்னுட்ச்சி. வழியே இல்லாம பேட்டரி இன்னாக்கா பண்ணும்? சார்ஜும் ஒழுங்கா ஏறாது. ரெண்டு பேட்டரி மாத்துனன்னு குப்பமே பேசுதே, எவனாவது இங்க கை வெச்சிப் பாத்தானா?"

ஒருவனும் பார்க்கவில்லை. ஒருவன் பலகையைத் தடவினான். ஒருவன் அண்ணனைத் தேடினான். ஒருவர் தகடு கொடுத்தார்.

தனசேகர் தன் ஜெனரேட்டருக்கு வைத்திருந்த தடித்த கேபிளைக் கொண்டுவந்தான். பேட்டரியின் நெகடிவிலிருந்து எஞ்சினின் வெறும் இரும்புக்கு நேராகக் கொடுத்து இறுக்கினான். இன்னும் இரண்டு ஒயர் எடுத்து அவன் ஆட்டோ பேட்டரியையும் இதோடு சேர்த்தான். மழை அவன் முதுகில் கொட்டியது. "இப்ப அடி" என்றான்.

அடித்தேன். வண்டி எழுந்தது.

"வழியில எங்கயும் அணைக்காத. அந்தத் தானா அணையற பட்டனை அமுக்கி வுடு. நான் பின்னாலயே வந்துகினு இருக்கேன்."

"உனுக்கு எங்கியோ வேலை இருக்குமே?"

"கல்யாண வூடுதான். தாலி கட்டறதுக்குள்ள பூடலாம், நீ கெளம்பு."

தண்ணீர் வடியும்வரை அவன் ஆட்டோ அந்த இடத்தைக் கடக்க முடியாது. அதனால் ஆட்டோவைத் தெரிந்த கடை வாசலில் விட்டுவிட்டு என் வண்டியிலேயே பின்னால் ஏறி நின்றான், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில். ஆஸ்பத்திரி வாசலில் ஏழுமலையை அவன்தான் கைத்தாங்கலாக இறக்கினான். எட்டே முக்காலுக்கு அவர் மெஷினில் படுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நீர் முழுக்க நுரையீரலில் ஏறியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

மறுநாள் தனசேகரே புது எர்த் ஒயர் போட்டான். எனக்கு மாட்டியிருந்த பேட்டரியே தப்பு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தானாக அணைந்து எழும் வண்டிகளுக்கென்று தனி பேட்டரி இருக்கிறதாம். சாதாரணமானதைப் போட்டால் தாங்காதாம். சரியானதை வாங்கினேன். மாட்டிய பிறகு, புது பேட்டரி வந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டுமாம். அதற்காக சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அதே அடையாள அட்டைத் தம்பி, "இப்ப ஓகேவா மேடம்?" என்றான். நான் சொன்ன பதிலை அம்மன் சன்னிதியில் சொல்ல முடியாது.

போன வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையின்போது எழுந்து நின்று தனசேகரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவமானப்படுத்தியது எல்லோர் முன்னாலும் என்றால், மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு மைக்கின் சத்தத்தைக் குறைத்தான். நான் அதைக் கூட்டச் சொல்லிவிட்டுப் பேசினேன். இன்றும் அவன் சில நாள் குடிக்கிறான். அது அவனுக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ள கணக்கு, நான் நடுவில் நிற்கப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் குணமாகிவிட்டார் என்று சொல்ல நான் வரவில்லை. ஆகவில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்துபோயிருக்க வேண்டியவர் இப்போது வீட்டில் உட்கார்ந்து, குழம்பில் உப்பே இல்லை என்று என்னைத் திட்டுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை அவர் ஒத்துக்கொள்வதில்லை. அந்தத் திட்டைக் கேட்கும்போதெல்லாம் அம்மனை நினைத்துக்கொள்கிறேன்.

உங்களில் பலர் இன்னும் அவளிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறீர்கள். நானும் செய்தவள்தான், அதனால் உரிமையோடு ஏசுகிறேன். முடியவில்லை என்று நேராகச் சொல்லுங்கள், அவள் கேட்பாள். அவள் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடித்தவனாக இருக்க மாட்டான். வாயை மூடிக்கொண்டு பானெட்டைத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் குப்பத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறிப் போகும் நோயாளிகள் ஆறேழு பேர் இருப்பது எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு என் வண்டி கோயில் வாசலிலிருந்து கிளம்பும். அந்த இரண்டு நாளும் மீன் ஏற்றுவதில்லை. பின்னால் பெஞ்ச் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். வர வேண்டியவர்கள் வந்து ஏறிக்கொள்ளுங்கள்.