பெருக்காத வீடும் ஆப்பிரிக்காவும்

ஆப்பிரிக்காவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் கரை எங்கே தாழ்ந்து கிடக்கிறது, நிலம் எங்கே மேடேறுகிறது, எந்த ஏரிக்கரையில் ஈ கடித்தால் மனிதர்கள் தூங்கித் தூங்கியே சாகிறார்கள் என்பதெல்லாம் இருபது வயதுக்குள் எனக்கு மனப்பாடம். எல்லாம் பயத்தில் படித்தது. பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் கல்கத்தாவில் ஒரு சர்க்கார் ஆபீசில் மேப் வரைகிற வேலையில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குக் கிடர்பூரில், கப்பல்துறைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. எங்கள் பெண் குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தாள். நான் அவளை மதினி என்பேன். சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்து, அவர் பின்னாலேயே கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவள். தம்பி தும்மினால் இவள் அடுப்பில் கஷாயம் கொதிக்கும்.

ஒருநாள் அவர் முகமெல்லாம் சிரிப்பாக ஆபீசிலிருந்து வந்து, பெரிய மேப் ஒன்றைத் தரையில் விரித்தார். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் இரண்டு வெள்ளைக்கார சர்க்கார்கள், யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று எல்லை வகுக்கப் போகிறார்களாம். அளக்கிறவர்களோடு போய் வரைய ஆள் வேண்டுமாம். இவரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

"கரை ஓரமெல்லாம் தாழ்வு. ஒரே புழுக்கம். உள்ள போகப்போகப் படியேறுத மாதிரி நிலம் உசந்துக்கிட்டே போகும்" என்று விரலால் காட்டினார். "இந்தா, இதுதான் ஏரி. இக்கரையில நின்னா அக்கரை தெரியாது. இங்கிட்டு ஒரு மலை, உச்சியில எப்பவும் பனி."

"சூரியன் உச்சந்தலைக்கு மேல நிக்கிற ஊருன்னு சொல்லுத. பனி எப்படில நிக்கும்?" என்றாள் மதினி.

"நிக்கத்தான் செய்யுதுக்கா."

மதினி நம்பவில்லை. தம்பியை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அன்றிலிருந்தே அவளுக்குச் சந்தேகம். நான் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு இங்கிலீஷ்காரனுடையது, பச்சை ஜெர்மன்காரனுடையது, மஞ்சள் பெல்ஜியம் ராஜாவுடையது என்றார். அந்த ஊர் சனங்களுக்கு எந்த நிறம் என்று கேட்டேன். "அவுகளுக்குன்னு தனியா நிறம் கிடையாது" என்று சிரித்தார். ஈயைப் பற்றியும் அதே சிரிப்போடுதான் சொன்னார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வாசலுக்கு எதிரே இத்தனை கப்பல் நிற்க, அவர் ஹவுராவில் ரயிலேறி, பம்பாய் போய்க் கப்பல் பிடிக்க வேண்டியிருந்தது. புரட்டாசி முடிகிற சமயம். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு மாடிக்கு வந்தேன். கை தன் பழக்கத்தில் துடைப்பத்திடம் போனது. எங்கள் பக்கத்தில் அதை வாரியல் என்போம்.

"வாரியலத் தொடாத. அவன் அந்த ஊர் எட்டுத வரைக்கும் தொடாத" என்றாள் மதினி.

வழக்கம் எனக்கும் தெரிந்ததுதான். வெளியூர் கிளம்பினவர் அந்த ஊரை எட்டும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, கழுவக் கூடாது. பிணம் எடுத்த வீட்டில்தான் ஆள் வாசல் தாண்டியதும் கழுவிப் பெருக்குவார்கள். பாளையங்கோட்டைக்குப் போனவருக்காக மத்தியானம்வரை பெருக்காமல் இருப்போம். மதராசுக்குப் போனவருக்காக மறுநாள்வரை. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஆப்பிரிக்காவை நினைத்துப் பார்க்கவில்லை.

பம்பாய் போய்விட்டதாகத் தந்தி வந்தது. "அது கப்பல் ஏறுத இடந்தான" என்றாள் மதினி. சரி என்று இருந்தேன். மொம்பாசாவில் இறங்கியதாகத் தந்தி வந்தது. நானே மேப்பைப் பார்த்தேன். மொம்பாசா கண்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஏரிவரைக்கும் ரயில், அதற்கப்புறம் நடை. வீட்டு வாசல்படியில் கால் வைத்தவரை உள்ளே வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? இந்தத் தடவை மதினி வாய் திறக்கும் முன்பே நான்தான், "இன்னும் எட்டல மதினி" என்றேன்.

அதற்குள் வீடு வீடாக இல்லை. நாங்களும் ஆனமட்டும் தந்திரம் பண்ணினோம். குப்பையைக் கையால் பொறுக்கினால் அது பெருக்கியதாகாது என்று மதினி தீர்ப்புச் சொன்னாள். தூசியை விசிறியால் விசிறி வாசல் பக்கம் தள்ளலாமா என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். அரிசி மூட்டைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் கை எட்டாத இடமெல்லாம் அப்படியே கிடந்தது.

கீழ்வீட்டில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். அவர்கள் பாஷையில் அக்காவைச் சொல்வதுபோல நான் தீதி என்று கூப்பிடுவேன். பிறந்த வீடு டாக்கா பக்கம். அவர் போன கொஞ்ச நாளிலேயே வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அன்றைக்கு அதை எதிர்த்துக் கிடர்பூரில் எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. தீதியும் மூட்டவில்லை. அவள் மாடிக்கு வந்து எங்கள் தரையைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள பாஷையில் சொன்னேன். ஊரே சிரித்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. "என் அம்மா வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நேற்றுவரை ஒரு மாகாணம், இன்றைக்கு வேறு மாகாணம். எவனோ ஒருவன் ஆபீசில் உட்கார்ந்து கோடு போட்டானாம்" என்றாள். சொல்லும்போதே பல்லைக் கடித்தாள்.

என் வீட்டுக்காரர் போயிருக்கிற வேலையும் அதுதானே. காய்ச்சல், ஈ, சிங்கம் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன். கோடு போட வருகிறவர்களை அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்ற பயம் அன்றைக்குத்தான் புதிதாகப் பிடித்தது. தீதியின் முகத்தைப் பார்த்ததும் பிடித்தது.

மார்கழியில் அவர் கடிதம் வந்தது. ஏரிக்கு மேற்கே ஒரு கிராமத்தின் நடுவில் கோடு போகிறதாம். வீடு ஒரு பக்கம், மாடு தண்ணீர் குடிக்கிற ஓடை இன்னொரு பக்கம். இனிமேல் எந்த வெள்ளைக்காரனுக்கு நாங்கள் பயப்பட வேண்டும் என்று ஒரு கிழவர் மொழிபெயர்ப்பாளன் மூலம் கேட்டாராம். ஓர் இடத்திலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை, கோடு போகிற வழிதான் எங்களுக்கு ஊர் என்று எழுதியிருந்தார்.

மதினிக்குப் படித்துக் காட்டினேன். அவள், "அப்ப எந்த இடத்தத்தான் எட்டுதது?" என்றாள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இது போதும், இனிப் பெருக்கலாம் என்று அவள் வாயால் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். என் வாயால் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். இருவருக்கும் தைரியமில்லை.

மாசியில் பிளேக் வந்தது. முதலில் துறைமுகத்துத் தானியக் கிடங்குகளில் எலி செத்து விழுந்தது. பிறகு வண்டிக்காரர்கள் குடியிருப்பில். எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் சட்டிபானையைக் கூட எடுக்காமல் ஊரைவிட்டுப் போனது. சுண்ணாம்பு வாளியோடு சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள் என்றும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றும் பேச்சு. அந்த வாரத்தில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படாததை நம்பாமல் மறுபடியும் மறுபடியும் தடவினேன்.

குழந்தை அழுகிற சத்தம் கேட்டுத் தீதி மேலே வந்தாள். ஏதோ நாற்றம் வருகிறதே என்று முகர்ந்துகொண்டே போய் அரிசி மூட்டையை இழுத்தாள். பின்னால், குப்பைக்கு நடுவில், ஓர் எலி செத்துக் கிடந்தது.

"எ கீ கோரேச்சோ" என்றாள். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். "தூரத்தில் இருக்கிறவனைக் காப்பாற்றுகிறேன் என்று மடியில் இருக்கிறதைக் கொல்லப் போகிறாயா?"

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தேன். எடுத்தேனே தவிரக் குனிய முடியவில்லை. அந்த நிமிஷம் அவர் எங்கோ ஓர் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறார், நான் குனிந்தால் கால் வழுக்கிவிடும் என்று தோன்றியது. இன்றைக்குச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அன்றைக்கு அதைவிட நிச்சயமான விஷயம் எனக்கு வேறில்லை.

மதினி வந்து என் கையைப் பிடித்தாள்.

"கொண்டா அத. நீ அவன் பொண்டாட்டி, ஒன் கையால வேண்டாம். நான் பெருக்குதேன். எது வந்தாலும் என் தலையில விடியட்டும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்மூலையிலிருந்து தொடங்கினாள். கட்டிலை நகர்த்தினாள், மூட்டைகளைப் புரட்டினாள். செத்த எலியை வாரி வெளியே கொண்டுபோய் எரித்தாள். சுண்ணாம்பைக் கரைத்துத் தரை முழுக்க ஊற்றிக் கழுவினாள். அழவில்லை. உதடு மட்டும் திருச்செந்தூரானைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு சுத்தமாக அந்த வீட்டை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

குழந்தைக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். வியர்த்து, இறங்கி, கஞ்சி கேட்டாள். மதினி அவளை மடியை விட்டு இறக்கவில்லை. அதற்கப்புறம் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், ஆப்பிரிக்காவைத் தவிர.

பங்குனியில் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்கள். ஏரிக்கரை முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். தை மாதத்திலேயே.

மதினி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எதை நினைத்து அப்படிக் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் துக்கத்துக்கு நடுவிலும் அதை மட்டுமாவது இறக்கி வைக்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மதினி, நீங்க வாரியலத் தொட்டது மாசியில. அவுக தையிலேயே போயிட்டாக. அப்ப வீடு பெருக்காமத்தான் கெடந்துச்சு. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

"மாசம் எனக்கும் தெரியும் தாயி" என்றாள், திரும்பாமலே. "ஆனா பெருக்குதப்ப எனக்கு அவன் உசிரோடதான இருந்தான். உசிரோட இருக்கான்னு நெனச்சுக்கிட்டேதான் நான் அவனக் கைவிட்டேன்."