டத்தோ டபுளின் நாற்பது விநாடி

இக்மலைப் போல் காசுக்குப் பயந்தவனை நான் பார்த்ததில்லை. காசு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் இல்லை, அது எங்கிருந்து வருகிறது என்ற பயம். சூலியா தெருவில் நாகூர் மீரான் பாயின் மணி சேஞ்சர் கடையில் ஏழு வருடம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தான். நாள் முழுக்க ஊர்ப்பட்ட நாட்டு நோட்டுகளை எண்ணித் தள்ளுகிறவன், தன் சொந்தக் காசில் நாலு பங்கு வாங்க ஒரு மாதம் யோசிப்பான். அந்தக் கம்பெனி பீர் விற்கிறதா, சிகரெட் விற்கிறதா, வட்டியில் பிழைக்கிறதா என்று நோண்டிக்கொண்டே இருப்பான். ஒருமுறை ஒரு ஹோட்டல் கம்பெனியில் அறுநூறு வெள்ளிக்குப் பங்கு வாங்கினான். அவர்கள் பார் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் விற்றுவிட்டு, கிடைத்த முப்பத்தெட்டு வெள்ளி லாபத்தை சூராவ் தொழுகைக்கூடத்தின் கழிவறையைப் பழுதுபார்க்கக் கொடுத்தான்.

"அந்தக் காசுல சோறு திங்க முடியாதுக்கா. கக்கூசுக்குத்தான் ஆகும்," என்றான்.

என்னுடைய யூனிட் டிரஸ்டில் ஒரு பீர் கம்பெனி இருக்கிறது என்று நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க வேதத்துல கல்யாண வீட்டுத் தண்ணியே திராட்சை ரசமாச்சு தம்பி, எங்களுக்குப் பரவால்ல," என்று சமாளித்தேன். அப்படியெல்லாம் பேசிக்கொண்டவர்கள்தான் நாங்கள்.

நான் மோனிக்கா. குயீன் தெருவில் ஒரு பல் கிளினிக்கில் கிளார்க். வயது நாற்பத்து நாலு, எனக்கு இருக்கும் பைத்தியம் ரெஸ்லிங். கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற டீச்சர், ஆள் மேல் ஆள் விழுவதைப் பார்க்கக் கயிற்றோரம் போய் உட்காருகிறாளே என்று சிரிக்காதவர் இல்லை. சிரிக்கட்டும். ஃபேஸ்புக்கில் 'ஒன்னு ரெண்டு மூணு' என்று தமிழில் ஒரு ரெஸ்லிங் பக்கம்கூட வைத்திருந்தேன். ஐந்து வருடம் மாடாய் உழைத்தேன். எது போட்டாலும் பார்க்கிறவர் நூற்றைம்பதைத் தாண்டமாட்டார்கள், அதில் பாதி என் சொந்தக்காரர்கள்.

இக்மலை எனக்குப் பழக்கியதும் ரெஸ்லிங்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டில் ஒரு பேட்மின்டன் ஹாலில் ரிங் கட்டி ஆடுவார்கள். எண்பது, தொண்ணூறு பேர் வருவார்கள். யார் ஜெயிப்பது என்று முன்னமே பேசி வைத்த ஆட்டம் என்பது வருகிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் விழுகிற முதுகு நிஜ முதுகு. இக்மல் அங்கே வில்லன். பெயர் டத்தோ டபுள். பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களைத்தான் இங்கே டத்தோ என்பார்கள். பளபளக்கிற கோட்டு, கறுப்புக் கண்ணாடி, விரல் நிறைய மோதிரம். மைக்கைப் பிடித்து, "ஆயிரம் வெள்ளி குடு, மூணு மாசத்துல ரெண்டாயிரம்! பேங்க்குல போடுறவன் முட்டாளு!" என்று ஐந்து நிமிடம் அளப்பான். ஹால் முழுக்கக் கத்தும். கடைசியில் உதை வாங்கித் தோற்பான். அதற்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள்.

"ஏன் தம்பி இந்த வேஷம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஏமாத்துறவன் எப்படிப் பேசுவான்னு சின்னப் புள்ளைங்களுக்குத் தெரியணும்லக்கா," என்றான்.

போன பிப்ரவரி ஆட்டத்தில் நான் மணி அடிக்கிற மேசைக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து அவன் பேச்சைக் கடைசி உதை வரை முழுசாகப் படம் பிடித்தேன். அபாரமான பேச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தபோது மனசுக்குள் சைத்தான் புகுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கயிறும் கூட்டமும் தெரிந்தால் வழக்கம்போல் நூற்றைம்பது பேர்தான் பார்ப்பார்கள். அவை தெரியாவிட்டால்? படத்தைப் பெரிதாக்கிக் கயிறு மறையும்வரை வெட்டினேன். கூட்டத்தின் கூச்சல் இல்லாத நாற்பது விநாடியை மட்டும் எடுத்தேன். என் பக்கத்தில் போடத் துணிச்சல் இல்லை. டிக்டாக்கில் பேர் ஊர் இல்லாத ஒரு புதுக் கணக்கு திறந்து, 'சூலியா தெருவில் இப்படியும் ஒருவர்' என்று எழுதிப் போட்டேன். பொய் எழுதவில்லையே, அவன் வேலை செய்வது சூலியா தெருவில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

மூன்று நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் காறித் துப்பினார்கள், மீதிப் பேர் 'ப்ரோ, எப்படிச் சேர்றது?' என்று கேட்டார்கள். இது ஆபத்து என்று அந்த இரண்டாவது பாதியைப் படித்தபோதே எனக்குத் தெரியும். ஆனாலும் நீக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்வதற்கு முன்னால் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது ஓடிய ஒன்பது நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாலாம் நாள் இக்மல் போன் செய்தான். "பார்த்தீங்களாக்கா? யாரோ வெட்டிட்டாங்க."

"ஆமா தம்பி. ஹால் பூரா கைப்பேசிதானே. என்ன மனுஷங்களோ!" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது மாதிரி என் குரல் எனக்கே கேட்டது. அவன், "சரிக்கா," என்று வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில், தாய்லாந்து காசு மாற்ற அவன் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். பெயர் சலேஹா, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். எல்லாம் ஐந்தும் பத்துமாக நோட்டுகள்.

"மூவாயிரத்து இருநூறு தம்பி. எண்ணிக்குங்க. மூணு மாசம்னு சொன்னீங்கல்ல?"

இக்மல் பையை அவர் பக்கமே தள்ளினான். "அக்கா, அது ரெஸ்லிங்குக்கா. டிராமா. சத்தியமா டிராமாலா!"

"ஏழைங்க காசுன்னா வேணாமா? பெரிய ஆளுங்ககிட்ட மட்டுந்தான் வாங்குவீங்களா?"

அவன் என் பக்கம் கையைக் காட்டினான். "இந்த அக்காவக் கேளுங்க. இவங்க அங்க இருந்தாங்க."

"டிராமாதான்மா," என்றேன்.

"நீங்களும் அவரோட ஆளுதானே," என்றார் அந்த அம்மா.

அப்போது என் கையில் கைப்பேசி இருந்தது. அதில் முழுப் படமும் இருந்தது, கயிறு, கூட்டம், கடைசியில் அவன் உதை வாங்குவது எல்லாமே. திறந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதே கோணம், அதே மூலை. வெட்டியது யார் என்று இக்மலுக்குத் தெரிந்துவிடும். நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இக்மல் எழுந்து நின்றான். டத்தோ டபுளின் குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி பேசினான். "ஆமா! நான் ஏமாத்துறவன்தான். உங்கள மாதிரி எத்தன பேரு காச முழுங்கியிருக்கேன் தெரியுமா? இப்பக் குடுத்தா அஞ்சு காசு திரும்பி வராது. ஓடுங்க!"

அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயில் வந்தபடி சபித்துக்கொண்டே வெளியே போனார். அவருடைய மூவாயிரத்து இருநூறும் பத்திரமாகப் போனது. இக்மல் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். பின்னால் உள் அறை வாசலில் நாகூர் மீரான் பாய் நின்றிருந்தார்.

அன்று மாலையே அவனுக்கு வேலை போய்விட்டது. அன்று இரவே நானும் படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் அது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போய்ச் சேர்ந்திருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

தப்பு செய்தால் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். செய்தேன். எங்கள் பங்குச் சாமிக்கு என் குரல் தெரியும் என்று ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்துக்குப் போய்ச் செய்தேன். "ஒருத்தர் பேரைக் கெடுத்துட்டேன் சாமி," என்று மொட்டையாகச் சொன்னேன். "அவர்கிட்டயே போய்ச் சரி பண்ணுங்கம்மா," என்றார். நான் அவனிடம் போகவில்லை. முழுப் படத்தையும் என் பக்கத்தில் போட்டு, 'இது நாடகம், நம்பாதீர்கள்' என்று எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். வெட்டியது யார் என்று அதில் எழுதவில்லை.

இக்மல் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனான். ரிங் பக்கமே வரவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'அக்கா, உங்க கிளினிக்ல ஏதும் வேல இருக்கா? இங்கயும் வீடியோவ காட்டிட்டாங்க. சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாக்குறாரு.'

மறுநாள் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு நாகூர் மீரான் பாயிடம் போனேன். கவுன்டரில் வேறொரு பையன் இருந்தான், அவருடைய தங்கை மகனாம். நின்றபடியே சொல்லிவிட்டேன். வெட்டியது நான், போட்டது நான், அன்றைக்கு இதே கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். பாய் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நீங்களா? அன்னிக்கே அவன்ட்ட கேட்டேனேம்மா. 'இது கவர்மெண்டு பேங்க், பேங்க் நெகாரா, லைசன்ஸ் குடுத்த கடை, டிராமாவோ நெசமோ இந்தப் பேச்சு ஆகாது. யாரு வெட்டுனான்னு சொல்லு, அந்த ஆள இங்க வந்து ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்றேன், உன் வேல உனக்கு'ன்னேன். தெரியாதுன்னுட்டான்."

"அவனுக்குத் தெரியாது பாய்."

"தெரியாதவன் அழுவானாம்மா?"

கடைக்கு வெளியே வந்து, ஐந்தடி நடைபாதையிலேயே நின்று இக்மலுக்குப் போன் செய்தேன். பின்னால் பெட்டிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்கக்கா," என்றான்.

"தம்பி, அந்த வீடியோவ வெட்டுனது நான்தான்."

"தெரியும்க்கா. அந்த மூலையில நீங்க மட்டுந்தானே உக்காந்திருந்தீங்க."

"அப்பறம் ஏன் தம்பி மொதலாளிகிட்ட சொல்லல?"

பெட்டி இழுக்கும் சத்தம் நின்றது.

"நீங்களே போயி சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்க்கா."