நெட் இல்லாமலும் ஓடும் என்றார்கள்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கண்டெய்னர் வரும், கூடவே பேப்பர் வரும். பேப்பர் சரியாக இருந்தால் பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமலேயே வெளியே அனுப்பிவிடுவோம். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போனதற்கு இந்த வேலைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அண்ணனுக்கு நான் செய்ததற்கு அது சமாதானம் ஆகாது.

அண்ணன் கப்பல்காரன், இஞ்சின் ரூமில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒன்பது மாதம் தண்ணீரையே பார்க்கிறவனுக்கு ஊருக்கு வந்தால் கடற்கரைப் பக்கம் போகவே பிடிக்காது. அவனுக்குப் பிடித்துப்போனது பனிமலையில் லாரி ஓட்டும் ஒரு கேம். சுடுவது, வெட்டுவது எதுவும் அதில் கிடையாது. வெட்டிய மரக்கட்டைகளை ஏற்ற வேண்டும், சேற்றில் மாட்டாமல் கீழே கொண்டுவந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே அறையில் ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு கேம் பெட்டி. அவன் லாரி முன்னால் போகும், என்னுடையது பின்னால். மாட்டிக்கொண்டால் ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுப்போம். அந்த நேரத்தில்தான் வீட்டில் வேறு யாரிடமும் சொல்லாததை டிவியைப் பார்த்தபடியே என்னிடம் சொல்வான்.

"டூட்டி முடிஞ்சு கேபினுக்குப் போனா பேச்சுக்கு ஆளில்ல லே. அதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றான் ஒருமுறை.

அந்த கேமைச் செய்தவர்கள் முதலில் ஒரு சின்னக் கூட்டம். குறை சொல்லி எழுதினால் பதில் எழுதுவார்கள், அடுத்த மாதமே சரி செய்வார்கள். பிறகு ஒரு பெரிய கம்பெனி அவர்களை வாங்கியது, சனியும் பிடித்தது. முழு விலை கொடுத்து லாரி வாங்கியவனிடம் ஹாரனுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். பெயிண்டுக்குத் தனிக் காசு. சீசன் டிக்கெட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், அதை வாங்காவிட்டால் புது மலைக்குப் போக முடியாது. கேமைச் செய்தவர்களில் பாதிப் பேரை ஒரே ஈமெயிலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் பார்த்தும் நான் அவர்கள் பக்கம்தான் பேசினேன். இந்த கேமை ஆடுகிற எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் யாராவது கம்பெனியைத் திட்டினால் எனக்குப் பொறுக்காது. சர்வர் நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி, சும்மா முடியுமா என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். மட்டக்கடைப் பகுதியில் மொபைல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அதே குரூப்பில் இருந்தார். ஒரு நாள் கடைக்குப் போனபோது நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, கம்பெனிக்காரன் ஒனக்கு மாமனா மச்சானா? இப்படி வக்காலத்து வாங்குத?"

சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் கம்பெனி அறிவித்தது: ஆட்கள் குறைந்துவிட்டார்கள், சேர்ந்து ஆடும் சர்வரை மூடுகிறோம், இதுவரை கூட வந்ததற்கு நன்றி. ஊர் உலகமே கத்தியது. கத்தியதற்குப் பலனாக ஒரு அப்டேட் விட்டார்கள். அண்ணன் கப்பலேற ஒரு வாரம் இருந்தபோது அது வந்தது. இறக்கிப் போட்டதும் முகப்பிலேயே பெரிய எழுத்தில் இருந்தது, இனி நெட் இல்லாமலும் விளையாடலாம் என்று. எனக்கு அது போதும். மோடத்தை அணைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. குரூப்பில் மட்டும் மறக்காமல் எழுதினேன்: "இப்ப என்ன சொல்லுதீங்க?"

கப்பலைப் பிடிக்கப் போகும் விமானத்தில் முப்பது கிலோதான் கொண்டுபோக முடியும். அவனுடைய கேம் பெட்டியை வைத்தால் வேறு எதையாவது எடுத்தாக வேண்டும். அம்மா கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலம், இட்லிப் பொடி, ஊறுகாய், முந்திரி மக்ரூன் டப்பா எல்லாவற்றையும் நான்தான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன்.

"கப்பல்ல அவனுக்கு வாய்க்கு ருசியா என்னல கெடைக்கும்? அந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயி என்ன செய்ய?" என்றாள் அம்மா.

"அது இருந்தா ஒம்பது மாசமும் அவனுக்குப் பொழுது போயிரும்மா. நான் பாத்துட்டேன், நெட் இல்லாமலே ஓடும்."

பார்த்துவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன். அண்ணன் மக்ரூன் டப்பாவை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தான்.

அவன் கப்பலில் கிடைக்கும் நெட் வாட்ஸ்அப் செய்திக்கே மூச்சு வாங்கும். கரை தொட்டால்தான் நின்று பேச முடியும். முதல் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது, "சூப்பரா ஓடுது லே" என்றான். அடுத்த தடவை, "அந்த ஒத்தைப் பாலம் இருக்குல்லா, அதைத் தனியாவே தாண்டிட்டேன்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே அதையும் குரூப்பில் போட்டேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து பார்த்தால் வீட்டில் நெட் இல்லை. சாக்கடை வேலைக்குத் தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். சரி, கேமாவது ஆடுவோம் என்று என் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டேன். திறக்கவில்லை. உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும், இணையத்தில் இணையவும் என்று ஒரு வரி. கீழே ஒரே ஒரு பொத்தான்: மீண்டும் முயல்க. இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன்.

மொபைலில் தேடி நிபந்தனைகளைப் படித்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கம்பெனியிடம் அனுமதி கேட்டுத்தான் கேம் உள்ளே விடுமாம். அதற்குப் பிறகுதான் நெட் வேண்டாமாம். பூட்டிய வீட்டுக்குள்ளே போய்விட்டால் அப்புறம் சாவி தேவையில்லை என்கிற மாதிரி. இவனுகளுக்காகவா எத்தனையோ பேரிடம் சண்டை போட்டேன்? கையில் இருந்த ரிமோட்டைச் சுவரில் எறியப் போனேன். அப்போதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. நடுக்கடலில் இது எப்படித் திறந்திருக்கும்?

கப்பல் கரை தொட ஒன்பது நாள் ஆனது. போன் மணி அடித்ததும் எடுத்தேன்.

"எத்தன தடவைண்ணே ஓடுச்சு? நெசத்தச் சொல்லு."

கிரேன் சத்தத்திலிருந்து ஒதுங்கி வந்து சொன்னான்.

"ஒரு தடவகூட ஓடல லே."

"அப்ப அந்தப் பாலம்?"

"அது போன லீவுல நாம ரெண்டு பேரும் தாண்டுனதுதான்."

"அப்புறம் ஏண்ணே ஓடுது ஓடுதுன்னு சொன்ன?" என்று கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மொதத் தடவ நான் கூப்பிட்டப்ப, நீ போனை எடுத்த ஒடனே, சாப்பிட்டியா, ஒடம்பு எப்படி இருக்குன்னுகூட கேக்கல. கேம் ஓடுதான்னுதான் கேட்ட. அம்புட்டு சந்தோசமா கேக்குதவன்கிட்ட எப்படி லே இல்லன்னு சொல்ல?"

அவன் இறங்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது.