பேண்டேஜ் துணியில் சிக்கிய எஞ்சின்

மாடல் ரயில் எஞ்சின் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவரா நீங்கள்? அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகும் முன் 1993 ஜூலையில் நான் பட்ட பாட்டைப் படித்துவிடுங்கள். மதுரையில் என்னைப்போல் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு சின்னக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தோம். எல்லாரிடமும் நீராவியும் டீசலும்தான். மின்சார எஞ்சின் வைத்திருந்த ஒரே ஆள் ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை நடத்திய காதர் பாய். கப்பலில் வேலை பார்த்த மச்சான் கொண்டுவந்து கொடுத்ததில் இரண்டு அவரிடம் இருந்தன. கடிதம் போட்டுக் கேட்டேன். ஒன்றை இரவல் தரச் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை 6.10க்கு மதுரையில் ஏறினேன். 85 கிலோமீட்டர், அன்றைக்குப் பன்னிரண்டு ரூபாய். 8.50க்கு ராஜபாளையம். பாய் வீட்டு மேஜையில் எஞ்சின் நின்றது. ஒரு சாண் நீளம், பச்சை நிறம், கதவுக் கைப்பிடிகூடத் தனியாகப் பொருத்தியது. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கைகள், அதாவது பாண்டோகிராப், இரண்டு. குண்டூசிக் கனம்கூட இல்லை. அட்டைப்பெட்டியே போதும் என்றார் பாய். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் அதற்கா பஞ்சம்? நாலு முழம் வாங்கி வந்து நானே சுற்றினேன். 

டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சினை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பால்கோவா வாங்கிவர வீட்டில் உத்தரவு என்பதால் அங்கே இறங்கினேன். பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்ததும், ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று பிரித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். துணியோடு பாண்டோகிராப்பும் எழும்பியது. மூட்டுக்கு மூட்டு நூல் மாட்டியிருந்தது. மெல்ல இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். இன்னொரு பக்கத்திலிருந்து இழுத்துப் பார்க்கப் போனேன்.

பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்மணி ஆஸ்பத்திரி நர்ஸ்.

"இழுக்காதிய சார். புண்ணுல ஒட்டுன துணிய இழுத்தா சதையும் சேந்து வரும். நூல் நூலா வெட்டணும்."

பையிலிருந்த சின்னக் கத்தரியால் அவரே வெட்டினார். நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு மதுரை பஸ் போய்விட்டன. ஒரு பாண்டோகிராப் முழுசாகப் பிழைத்தது. மற்றதன் மேல்கை ஒடிந்து துணியோடே வந்துவிட்டது.

பேசாமல் மதுரைக்குப் போய், கண்காட்சியில் யாரோ ஒடித்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாமா? யோசித்தேன், மறைப்பானேன். பாய் இனி யாரையும் நம்பி எதையும் தரமாட்டாரே என்பதுதான் என்னைத் தடுத்தது. கடைசியில் 12.20 டவுன் பஸ்ஸில் ராஜபாளையத்துக்கே திரும்பினேன்.

ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்து பாய் புரட்டிப் பார்த்தார். உங்கள் பேச்சைக் கேட்காதது என் தப்பு என்றேன்.  எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். ஒடிந்த எஞ்சினை உள்ளே வைத்துப் பூட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டாவது எஞ்சினை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"மூணாவது ஒண்ணு இருந்துச்சு தம்பி. இரவல் வாங்கிட்டுப் போனவரு ஒடச்சுப்புட்டு இந்தத் தெருப்பக்கமே வரல. நீங்க செத்த நேரத்துல வந்து நிக்கிய. இதக் கொண்டு போங்க."

எஞ்சினோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் யோசனை: மூட்டுள்ள எதையும் நூல் துணியில் சுற்றாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வைத்தால் போதும், கூரையில் எதுவும் படக்கூடாது. மதுரை பஸ்ஸை ராஜபாளையத்திலேயே பிடியுங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இரவல் பொருள் உடைந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

நான் 2.15 பஸ்ஸில் ஏறினேன். மடியில் இருந்தது அவரிடம் மிச்சமிருந்த ஒரே முழு எஞ்சின். மதுரை வரை நான் பட்ட பயத்துக்கு முன்னால் காலையில் பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை.